பனிநகருக்குப் பறந்த குயில்

மழைக்காலம் தொடங்கியதும் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வேடந்தாங்கல் ஏரிக்கு வந்து இறங்குவதை, சுற்றுலா சென்ற நம் மாணவியரில் சிலர் கண்டிருப்பார்கள். அமெரிக்க நாட்டில் மனிதர்களே இவ்வாறு பறவைகளாகிவிடுகிறார்கள். வட மாநிலங்களில் பனி கொட்டத் தொடங்கியதும், ஓய்வுபெற்ற முதியோர் பலர் வீட்டைப் பூட்டிக்கொண்டு புளோரிடா, அரிசோனா, டெக்சாஸ் முதலிய வெப்பமான இடங்களுக்குச் சென்றுவிடுவார்கள். பனி உருகிய பின்பே ஊர் திரும்புவார்கள். பனிப்பறவைகள் என்றே அவர்களுக்குப் பெயர். அந்த மாதங்களில் அங்குள்ள ஆலயங்களிலும் அரங்குகளிலும் நற்செய்திப் பாடல் கச்சேரிகள் நடைபெறும். நால்வர் நின்று நான்கு குரல்களில் பாடுவதும், கூடியிருக்கும் முதியோர் கை தட்டி உடன் பாடுவதும் அக்கச்சேரிகளின் அழகு. டென்னசி மாநிலத்து லாரன்ஸ்பர்க் என்னும் ஊரில் பாட்டுப் புத்தகங்கள் வெளியிட்டுவந்த ஜேம்ஸ் வாகன், அவற்றை விற்பதற்காக 1910-இல் நால்வர் குழுவொன்றை ஊர் ஊராக அனுப்பினார். தென்னக நற்செய்தி இசை என்று இன்று வழங்கும் மரபு அப்படித்தான் பரவியது. வியாபாரத்துக்காகத் தொடங்கியது பக்தியாக வளர்ந்தது என்று சொன்னால் தவறில்லை.

பள்ளத்தாக்கில் சமாதானம் உண்டாகும் என்னும் கருத்தமைந்த ஒரு பாடல் இக்கச்சேரிகளில் மிகவும் விரும்பப்படுவது. வெள்ளையர் குழுக்கள் பலவும் அதைத் தமதாக்கிக்கொண்டுவிட்டன. 1957-இல் எல்விஸ் பிரெஸ்லியும் அதைத் தொலைக்காட்சியில் பாடினார். ஆனால் அப்பாடலை 1937-இல் இயற்றியவர் தாமஸ் டார்சி என்னும் கறுப்பினத்தவர். யாருக்காக இயற்றினாரோ அவர் ஒரு சலவைத் தொழிலாளிப் பெண். பனிப்பறவைகள் குளிரிலிருந்து வெயிலுக்குப் போகின்றன. அப்பெண்ணோ வெயிலிலிருந்து குளிருக்குப் போனவர். அவர்தாம் மஹேலியா ஜாக்சன். அவருடைய வரலாற்றையே இவ்வாண்டு மலரில் நாம் காணப்போகிறோம்.

1911 அக்டோபர் 26-ஆம் நாள் லூசியானா மாநிலத்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் மஹேலியா பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையை ஒட்டிய சிறு வீடு. மூன்றே அறைகள், அவற்றில் பதின்மூன்று பேர். தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமப்பார், மாலையில் முடி திருத்துவார், ஞாயிறன்று மறையுரை ஆற்றுவார். குழந்தைக்குக் கால்கள் வளைந்திருந்தன. நாளடைவில் அவை நேராயின. ஐந்து வயதில் தாய் இறந்தார். அதன்பின் வளர்த்தவர் டியூக் என்று அழைக்கப்பட்ட பெரியம்மா. அன்பு இல்லாதவர் அல்லர். ஆனால் கண்டிப்பில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமென்று நான்காம் வகுப்போடு படிப்பு நின்றது. வகுப்பறையில் அமர்ந்து இதைப் படிக்கும் மாணவியர் இந்த வரியை மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டுகிறோம். உலகமே எழுந்து நின்று வணங்கிய ஒரு பெண்மணிக்குப் பள்ளியில் கிடைத்தது அவ்வளவுதான்.

நியூ ஆர்லியன்ஸ் கத்தோலிக்கர் மிகுந்த நகரம். மஹேலியாவின் குடும்பமோ பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தது. சிறுமி அச்சபையின் பாடற்குழுவில் பாடினார். ஆனால் அவருடைய செவியை ஈர்த்தது அடுத்திருந்த இன்னொரு சிறிய ஆலயம். அங்கே பாடற்குழுவும் இல்லை, ஆர்கனும் இல்லை. கூடியிருந்த அனைவருமே கையாலும் காலாலும், முரசாலும் ஜால்ராவாலும் தாளம் போட்டு இறைவனைப் புகழ்ந்தார்கள். பிற்காலத்தில் மஹேலியாவின் பாட்டில் உடம்பு முழுவதும் சேர்ந்து பாடுவது போன்ற ஒரு வேகம் இருந்ததே, அது இங்கிருந்து வந்ததுதான். பெரியம்மா வெளியே போன நேரங்களில், தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே பெஸ்ஸி ஸ்மித் என்னும் புகழ்பெற்ற பாடகியின் இசைத்தட்டுகளையும் கேட்பாராம். அவை ப்ளூஸ் என்னும் சோகப் பாடல்கள். பக்தியுள்ள வீட்டில் தடை செய்யப்பட்டவை. ஒரு மெட்டை எப்படி இழுப்பது, எங்கே மூச்சு விடுவது என்பதை அந்தத் தட்டுகளிடம் கற்றுக்கொண்டார். சொற்களை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

1927 டிசம்பர். பதினாறு வயதில், தாயின் மற்றொரு சகோதரியான ஹன்னாவுடன் சிகாகோவுக்கு இரயில் ஏறினார். தென் மாநிலங்களின் அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்திருந்தாலும் வாழ்க்கையில் ஒழியவில்லை. ஆகவே இலட்சக்கணக்கான கறுப்பின மக்கள் அந்த ஆண்டுகளில் வடக்கே பிழைக்கப் போனார்கள். செவிலியாக வேண்டுமென்பது மஹேலியாவின் ஆசை. ஆனால் வெயிலில் வளர்ந்த பெண்ணுக்கு டிசம்பர் மாதத்துச் சிகாகோ எப்படி இருந்திருக்கும்! ஒரு வாரம் வீட்டைவிட்டு நகரவே இல்லை. ஊர் நினைவால் வாடினார். ஞாயிற்றுக்கிழமை உறவினர் அவரை கிரேட்டர் சேலம் என்னும் பாப்டிஸ்ட் ஆலயத்துக்கு அழைத்துச் சென்றனர். இறையனுபவத்தை எடுத்துச் சொல்ல விரும்புவோர் எழலாம் என்று போதகர் அழைத்தபோது, இப்பெண் எழுந்து பாடவே தொடங்கிவிட்டார். அன்றே பாடற்குழுவில் சேர அழைப்பு வந்தது.

செவிலியர் படிப்பு கைகூடவில்லை. துணி வெளுத்தார், விடுதிகளில் அறை துடைத்தார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. அந்நாளில் தாமஸ் டார்சியின் அறிமுகம் கிடைத்தது. முன்பு ப்ளூஸ் இசைக்கலைஞராயிருந்து இறைப்பாடலுக்குத் திரும்பியவர் அவர். 1932-இல் அவர் வெளியூர் சென்றிருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் தப்பவில்லை. அந்தத் துயரத்தில், ஆண்டவரே என் கையைப் பிடித்து நடத்தும் என்று மன்றாடும் ஒரு பாடலை இயற்றினார். அதைப் பின்னர் பார்ப்போம். டார்சி பாடல்களைத் தாள்களில் அச்சிட்டுச் சில்லறைக் காசுக்கு விற்பார். மஹேலியா தெருமுனையில் நின்று பாடிக்காட்டுவார்.

எல்லா ஆலயங்களும் அவரை வரவேற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். சிகாகோவின் பெரிய கறுப்பினச் சபைகளில் ஐரோப்பிய முறையில் அடக்கமாகப் பாடுவதே மதிப்பு. கையை வீசி, உடலை அசைத்து, உரத்த குரலில் பாடும் இந்தத் தென்னாட்டுப் பெண்ணைச் சில போதகர் கண்டித்தனர். பாட்டு கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியரிடம் நான்கு டாலர் கொடுத்துப் போனார். கூச்சலிடுவதை நிறுத்தும்படி ஆசிரியர் அறிவுரை கூறினார். மஹேலியா மறுபடி அங்கே போகவில்லை. வாழ்நாளில் அவர் பெற்ற இசைப் பயிற்சி அந்த ஒரு வகுப்புத்தான்! ஆசிரியைகள் இதைப் படித்துவிட்டு எங்கள்மேல் கோபம் கொள்ளவேண்டாம்.

சோதனைகள் உண்மையில் பின்னர்தான் வந்தன. இளமையில் மஹேலியாவுக்குத் திரைப்படம் பார்ப்பதில் ஆசை. ஒரு கோடைநாளில் அவர் வற்புறுத்தியதால் நிழற்படம் எடுத்துக்கொள்ளச் சென்ற தாத்தா, வெப்பம் தாளாமல் நினைவிழந்து விழுந்தார். தாத்தா பிழைத்தால் இனித் திரையரங்கின் படி மிதிப்பதில்லை என்று மஹேலியா இறைவனிடம் நேர்ந்துகொண்டார். தாத்தா பிழைத்தார். 1936-இல் ஐசக் ஹாக்கன்ஹல் என்பவரை மணந்தார். படித்தவர், இரசாயனம் கற்றவர். ஆனால் அந்தப் பஞ்ச காலத்தில் வேலையில்லாமல் தவித்தார். இத்தகைய குரலைக் கோயிலில் வீணாக்குவதா என்பது அவர் கேள்வி. அவர் வற்புறுத்தலால் ஓர் இசை நாடகத்துக்குத் தேர்வு கொடுக்க மஹேலியா போனார். இடமும் கிடைத்தது. அதே நேரத்தில் கணவருக்கு வேலை கிடைத்த செய்தி வரவே, நாடகத்தை வேண்டாமென்று விட்டுவிட்டார். 1937-இல் டெக்கா நிறுவனம் அவர் பாடல்களைத் தட்டில் பதித்தது, அவை விற்கவில்லை. ப்ளூஸ் பாடினால் வாய்ப்பு உண்டு என்றார்கள். மறுத்தார். வாய்ப்பும் போயிற்று. அழகுக்கலை கற்று, பெண்களுக்கான அழகு நிலையம் ஒன்றைத் திறந்து, முடி சீவிவிட்டுப் பிழைத்தார். கணவருடன் வாழ்க்கை நிலைக்கவில்லை. பிற்காலத்தில் செய்துகொண்ட இரண்டாம் திருமணமும் நிலைக்கவில்லை. இதை நாம் மறைக்கவும் விரும்பவில்லை, விரிக்கவும் விரும்பவில்லை.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். வேறு பாட்டுப் பாட மறுத்தபோது அவர் கையில் காசு இல்லை. இருக்கும்போது மறுப்பது எளிது.

1947-இல் அப்பல்லோ என்னும் சிறு நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த ஒரு பாடல் அடுத்த ஆண்டு வெளிவந்தது. விண்ணக வாழ்வில் இன்னும் சற்று மேலே செல்வேன் என்னும் பொருளுடைய அப்பாடலை இயற்றியவர் மெம்பிஸ் நகரப் போதகர் பிரூஸ்டர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விற்றன. கடைகளில் சரக்கு போதவில்லை. சமையல் செய்யும் பெண்களும், வீடு பெருக்கும் பெண்களும், தாம் ஒருநாள் தலைநிமிர்வோம் என்ற நம்பிக்கையை அப்பாட்டில் கேட்டார்கள். 1950 அக்டோபரில் நியூயார்க் நகரின் கார்னகி மண்டபத்தில் பாடினார்.  மக்கள் பரவசத்தில் எழுந்து ஆடத் தொடங்கவே, இது எந்த இடம் என்பதை மறந்துவிட்டால் நம்மை வெளியேற்றிவிடுவார்கள் என்று மஹேலியாவே அவர்களை அடக்க வேண்டியதாயிற்று.

புகழ் வந்தது. மரியாதை வந்ததா? தென் மாநிலங்களில் கச்சேரி செய்யப் போகும்போது உணவகங்களில் கறுப்பினத்தவருக்கு உணவில்லை, விடுதிகளில் அறையில்லை. படுத்து உறங்கும் அளவுக்குப் பெரிய கார் ஒன்றை வாங்கி, அதில் உணவையும் ஏற்றிக்கொண்டு போனார். ஆயிரம் பேர் கை தட்டிய அரங்கிலிருந்து வெளியே வந்து, நெடுஞ்சாலையோரத்தில் காருக்குள் உறங்கினார். தம் சொந்த மண்ணில், வெயில் மிகுந்த அந்தத் தெற்கில், அவருக்குக் கிடைத்த விருந்தோம்பல் இதுவே. வடக்கிலும் நிம்மதி இல்லை. சிகாகோவில் வெள்ளையர் வாழும் பகுதியில் வீடு வாங்கியபோது சன்னல்களில் துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன.

பணத்தில் அவர் மிகவும் கெட்டி. ஏமாற்றிய ஏற்பாட்டாளர் பலரைக் கண்டதால் கச்சேரிப் பணத்தை ரொக்கமாகவே கேட்டு வாங்குவார். ஏழை மாணவர் பலரைக் கல்லூரிக்கு அனுப்பிய அதே கை, தமக்கு நெடுங்காலம் பியானோ வாசித்த மில்ட்ரெட் ஃபால்ஸ் அம்மையாருக்குக் குறைந்த ஊதியமே தந்தது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிக்கின்றனர். அந்தப் பியானோ இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. இந்தக் குறையை எண்ணும்போது நமக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மார்ட்டின் லூதர் கிங்குக்கு அவர் மூத்த சகோதரி போலிருந்தார். மாண்ட்கோமரி நகரில் பேருந்துகளைப் புறக்கணித்துப் போராடிய மக்களுக்காக 1956-இல் சென்று பாடினார். கிங் சோர்ந்திருக்கும் இரவுகளில் தொலைபேசியில் அழைப்பாராம். மஹேலியா மறுமுனையில் பாடுவாராம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டரை இலட்சம் மக்கள் கூடிய பேரணியில், கிங் பேசுவதற்குச் சற்று முன் மஹேலியா பாடினார். கிங் எழுதிவைத்திருந்த உரையைப் படித்துக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து மஹேலியா குரல் கொடுத்து, அந்தக் கனவைப் பற்றிச் சொல்லும்படி தூண்டினார் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். கிங் தாளை ஒதுக்கிவைத்தார். நம் பாடநூல்களில் இடம்பெறும் அந்தக் கனவு அதன்பின்னரே பிறந்தது. 1968-இல் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, இறுதிச் சடங்கில் மஹேலியா பாடியது டார்சியின் அந்தப் பாட்டுத்தான்: மனைவியையும் மகவையும் ஒருசேர இழந்தவர் இயற்றியது.

1964 முதல் இதயநோய் அவரை வாட்டியது. ஆயினும் 1971-இல் நம் நாட்டுக்கு வந்தார். கல்கத்தா, புது டெல்லி, சென்னை, பம்பாய் ஆகிய நகரங்களில் பாடினார். நுழைவுச்சீட்டுகள் விரைவில் தீர்ந்தன. டெல்லியில் பிரதமர் இந்திரா காந்தியே எதிர்பாராமல் வந்து அமர்ந்து கேட்டார். அன்று சென்னையில் அவர் பாட்டைக் கேட்டவர் நம் பெற்றோரிலோ பாட்டிமாரிலோ யாரேனும் இருப்பின், பள்ளிக்கு வந்து சொல்லவேண்டுமென்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

அவ்வாண்டு இறுதியில் நோய் முற்றியது. சிகாகோவை அடுத்த எவர்கிரீன் பார்க்கில், லிட்டில் கம்பெனி ஆஃப் மேரி சபைக் கன்னியர் நடத்திவந்த மருத்துவமனையில், 1972 சனவரி 27 அன்று, அறுபதாம் வயதில் உயிர் நீத்தார். இளமையில் தாம் கனவு கண்ட செவிலியர் பணியைச் செய்யும் கைகளே அவரை இறுதியில் பராமரித்தன.

நியூ ஆர்லியன்ஸ் நகரம் ஓர் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியது. 2005-இல் கத்ரீனா புயலில் அதனுள் வெள்ளம் புகுந்தது. 2009-இல் மீண்டும் திறந்தார்கள். திரையரங்கின் படி மிதிப்பதில்லை என்று நேர்ந்துகொண்டவர் பெயரால் ஓர் அரங்கம்! இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார் என்றே எண்ணுகிறோம்.

சிகாகோவில் கிரேட்டர் சேலம் ஆலயத்தில் வைக்கப்பட்ட அவர் உடலை ஏறத்தாழ 50,000 பேர் வரிசையில் நின்று கண்டு சென்றனர். சனவரி மாதக் கடுங்குளிர். பதினாறு வயதில் அவர் எழுந்து பாடிய அதே சபை. இறுதி வழிபாட்டில் அரேத்தா ஃபிராங்க்ளின் டார்சியின் பாட்டைப் பாடினார். பின்னர் பெட்டியைத் தெற்கே நியூ ஆர்லியன்சுக்குக் கொண்டுசென்றார்கள். அங்கும் ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தனர். நகரை அடுத்த கல்லறைத் தோட்டத்தில், பனி அரிதாகவே பெய்யும் மண்ணில், அவரை அடக்கம் செய்தார்கள்.