உப்பு யாத்திரை நடத்திய மூதறிஞர்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது பழமொழி. அந்த உப்பு விளையும் மண்ணில் பிறந்தவள் நான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் செல்பவர்கள் மரக்காணத்தை நெருங்கும்போது, பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களையும் வரப்புகளில் நிற்கும் வெள்ளைக் குவியல்களையும் கண்டிருப்பார்கள். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் எங்கள் ஊர்ப் பக்கமே என்று அறிஞர் கருதுவர். பழம்பெருமை ஒருபுறம் இருக்கட்டும். என் தாயும் தந்தையும் அந்த அளங்களில் உப்பு வாருகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

இக்கட்டுரை மூதறிஞர் இராஜாஜியைப் பற்றியது. ஆயினும் அவரிடம் நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்ட முகாம் எங்கள் கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் நடந்தது. அந்தப் பக்கத்துப் பெண் என்பதால் என்னையே மாணவர் பொறுப்பாளராக்கினார்கள். ஊர் மக்களோடு சேர்ந்து குளத்தைச் சுத்தம் செய்து, கரையில் மரக்கன்றுகள் நடுவது எங்கள் திட்டம். காலை எட்டு மணிக்கு அனைவரும் வரவேண்டும் என்று சுவரொட்டி எழுதி ஒட்டினோம். எட்டு மணிக்கு வந்தவர்கள் நான்கு முதியவர்களும் சில சிறுவர்களுமே. ஊராருக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அன்றிரவு அம்மாவிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். எத்தனை மணிக்குக் கூப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார். உப்பு வாரும் காலத்தில் வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டுமென்று, விடியுமுன்பே வீட்டை விட்டுக் கிளம்பிவிடுபவர் அவர். எட்டு மணிக்கு அந்த ஊரில் யார் வீட்டில் இருப்பார்கள்? அளத்து வீட்டில் பிறந்த எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் பொறுப்பாளர் என்ற பெயர் வந்தவுடன் மறந்துபோயிற்று.

என் பேராசிரியரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. நூலகத்துக்குப் போய் இராஜாஜியின் வாழ்க்கையைப் படி, வேதாரணியத்தோடு நிறுத்திவிடாதே, 1953 வரைக்கும் படி என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது படித்து முடித்தபோதுதான் விளங்கிற்று.

இராஜாஜி 1878ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூர் மணியக்காரர். பெங்களூரிலும் சென்னையிலும் பயின்று, 1900இல் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். பெயரும் பொருளும் விரைவில் வந்து சேர்ந்தன. ஐந்து குழந்தைகளை விட்டுவிட்டு மனைவி இளம் வயதிலேயே மறைந்தார். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, நன்கு வருவாய் வந்துகொண்டிருந்த தொழிலைத் துறந்தார். 1921 இறுதியில் வேலூர்ச் சிறைக்குச் சென்றார்.

1925இல் அவர் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். நகரத்தில் வசதியாக வாழ்ந்த வழக்கறிஞர், வறட்சி மிகுந்த அந்தப் பகுதியில் குடிசை போட்டுத் தம் மக்களுடன் குடியிருந்தார். சுற்றுப்புறக் கிராமத்துப் பெண்கள் நூற்ற நூலுக்குக் கூலி கொடுப்பதும், கள்ளுக்கடைக்குப் போகும் ஆண்களைத் திருத்துவதும், தீண்டாமை தீய வழக்கம் என்று எடுத்துச் சொல்வதும் அன்றாட வேலைகளாயின. மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற இதழ் அங்கிருந்து வெளிவந்தது. ஏழை மக்களின் அடுப்பும் சட்டியும் எப்படி இருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை. அவர்கள் நடுவிலேயே வாழ்ந்து அறிந்தார். பின்னால் வந்த உப்பு யாத்திரைக்கு இந்த ஐந்து ஆண்டுகளே அடித்தளம் என்பது என் எண்ணம்.

1930ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்தார். தமிழ்நாட்டில் அதே போன்ற ஓர் அறப்போரை நடத்தும் பொறுப்பு இராஜாஜியின் தோளில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. மெலிந்த உடல், போதாக்குறைக்கு ஆஸ்துமா. கையில் அதிகாரம் இல்லை, பணமும் இல்லை. எதிரே நிற்பதோ உலகின் மிகப் பெரிய பேரரசு. இந்த நிலையில் ஒருவர் என்ன செய்வார்?

இராஜாஜி முதலில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார். முன்வந்தவர்கள் ஏராளம். அவர்களுள் ஏறத்தாழ நூறு பேரை மட்டும் பொறுக்கி எடுத்தார். அடி விழுந்தாலும் கை ஓங்காதவர்களே அவருக்குத் தேவைப்பட்டனர். அடுத்து இடத்தைத் தேர்ந்தெடுத்தார். வேதாரணியத்தில் உப்பளம் இருந்தது மட்டும் காரணம் அன்று. அங்கே வேதரத்தினம் பிள்ளை இருந்தார். உப்புத் தொழிலும் ஊர் மக்களின் மனமும் அறிந்தவர் அவர். வெளியூரார் நூறு பேர் வந்திறங்கினால், தாங்கிக்கொள்ளும் உள்ளூர்க் கை ஒன்று வேண்டுமல்லவா? நாளும் பொருத்தமாகவே அமைந்தது. ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு. திருச்சியில் டாக்டர் தி.சே.சௌ. ராஜன் இல்லத்திலிருந்து படை புறப்பட்டது. நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்கென்றே எழுதித் தந்த பாடலைப் பாடிக்கொண்டு தொண்டர்கள் நடந்தனர்.

வழி சுமார் 150 மைல். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று காவிரி வளநாட்டின் நடுவே சென்றது. பகலெல்லாம் சித்திரை வெயில். தங்கும் ஊர்களில் தெருக்களைப் பெருக்கினார்கள். கதரையும் மதுவிலக்கையும் பற்றிப் பேசினார்கள். சாதி பாராமல் ஒன்றாக அமர்ந்து உண்டார்கள். விடுதலை என்பது தங்கள் வாழ்வோடும் தொடர்புடையது என்பதைக் கேட்டவர்கள் கண்ணாலும் கண்டார்கள்.

அப்போது தஞ்சை மாவட்ட ஆட்சியராக இருந்தவர் தோர்ன் என்னும் ஆங்கிலேயர். அவர் தொண்டர்களைத் தொடவில்லை. யாத்திரைக்காரர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்களுக்குச் சிறைத்தண்டனை என்று ஊர் ஊராக அறிவித்தார். சோறு நின்றால் நடை நின்றுவிடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு பொய்த்தது. வழியோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் அண்டாக்களோடு சோறு மறைத்து வைக்கப்பட்டு, அதைக் கண்டெடுக்க அடையாளமும் இடப்பட்டிருந்தது. யார் வைத்தார்கள் என்பது ஊருக்கே தெரியும், காவலருக்கு மட்டும் தெரியாது! கும்பகோணத்தில் தம் இல்லத்தில் இடம் கொடுத்த பந்துலு அய்யர் சிறை சென்றார். வேதாரணியத்தில் வைரப்பன் என்னும் முடிதிருத்தும் தொழிலாளி, தம் எதிரில் அமர்ந்திருப்பவர் காவலர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார் என்றும், அதற்காகச் சிறை சென்றார் என்றும் அப்பகுதி மக்கள் சொல்வர். அவ்வூரில் அவருக்கு நினைவுச் சின்னமும் உண்டு. இராஜாஜி இவர்களில் ஒருவருக்கும் ஆணையிடவில்லை. சோறு போட்டவரும் கத்தியைக் கீழே வைத்தவரும் இந்தக் காரியம் தம்முடையது என்று எண்ணினார்கள். ஒரு பெரிய பணியை நடத்துபவர் அடையக்கூடிய வெற்றி இதைவிட வேறென்ன இருக்க முடியும்?

ஏப்ரல் 28ஆம் நாள் படை வேதாரணியத்தை அடைந்தது. 30ஆம் நாள் காலையில் அகத்தியம்பள்ளியில் இராஜாஜி உப்பெடுத்துக் கைதானார். ஆறு மாதச் சிறை. தலைவரைப் பிடித்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று அரசு எண்ணியிருக்கலாம். ஆனால் க. சந்தானமும் ருக்மிணி லட்சுமிபதியும் அடுத்தடுத்துப் போராட்டத்தைத் தொடர்ந்து சிறை புகுந்தனர். வேதரத்தினம் பிள்ளை சிறையோடு சொத்தையும் இழந்தார். தாம் இல்லாதபோதும் பணி நடக்குமாறு இராஜாஜி ஏற்பாடு செய்திருந்தார். இந்தச் சத்தியாகிரகத்தில் பங்குகொண்டு சிறை சென்ற இளைஞர்களுள் விருதுநகர்க் காமராசரும் ஒருவர். அவர் பெயர் மீண்டும் வரும்.

பதவிகள் பின்னர் இராஜாஜியைத் தேடி வந்தன. 1937இல் சென்னை மாகாணப் பிரதமரானார். சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது நாடே கொதித்தது. அந்த ஆணை 1940இல் கைவிடப்பட்டது. 1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் ஆனார். 1952இல், தேர்தலில் நிற்காமலே மேலவை உறுப்பினராகி, சென்னை மாநில முதலமைச்சரானார்.

1953ஆம் ஆண்டு அவர் புதிய தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். கிராமப் பள்ளிகளில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பாடம். ஒரு பகுதிப் பிள்ளைகள் காலையில், மற்றவர்கள் மாலையில். எஞ்சிய வேளையில் பிள்ளைகள் பெற்றோரிடமோ ஊர்க் கைவினைஞரிடமோ தொழில் பழக வேண்டும். பள்ளியைப் பாராத பிள்ளைகள் அன்று ஏராளம். அரசிடம் பணம் குறைவு. இருக்கும் பள்ளியிலேயே இரு மடங்குப் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கருத்து. தாளில் பார்த்தால் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. பின்னர் ஆராய்ந்த நிபுணர் குழுவும் அதைக் குறை கூறவில்லை.

ஆனால் அத்திட்டத்தைத் தம் கட்சியிலும் சட்டமன்றத்திலும் முன்கூட்டி விவாதிக்காமலே அவர் அறிவித்தார். தந்தையின் தொழிலைப் பிள்ளை பழகு என்றால், சாதிக்கொரு தொழில் என்றிருந்த நாட்டில் அதற்கு என்ன பொருள்? குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் பெயரிட்டனர். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தாரும் போர்க்கொடி உயர்த்தினர். காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு மூண்டது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். புதிய முதலமைச்சராகக் காமராசர் பொறுப்பேற்ற நாள் ஏப்ரல் 13. திருச்சியிலிருந்து உப்புப் படை புறப்பட்டு அன்றோடு சரியாக இருபத்து நான்கு ஆண்டுகள். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது.

இதைப் படித்தபோது நூலகத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தத் திட்டம் நிலைத்திருந்தால் உப்பளத்துப் பிள்ளைக்கு அரைநாள் பள்ளி, அரைநாள் அளம். அப்படியாயின் நான் இன்று வேதியியல் ஆய்வகத்தில் நின்றிருப்பேனா? எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை.

வீட்டுக்குச் சென்று தாத்தாவிடம் கேட்டேன். 1953இல் அவர் எட்டு வயதுச் சிறுவர். பள்ளிக்கூடமே போனதில்லை என்றார். அவரைப் போன்ற பிள்ளைகளை எப்படியாவது பள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்றுதான் இராஜாஜி எண்ணியிருக்கிறார். என் கோபம் பாதியாகக் குறைந்தது. மற்றப் பாதி இன்னும் இருக்கிறது. என் தாத்தாவை நினைத்தவர், என் தாத்தாவைப் பெற்றவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால், என் பிள்ளைக்கு இந்தத் தொழில் வேண்டாம் என்பதற்காகத்தானே பள்ளியைக் கேட்கிறோம் என்று அவர் சொல்லியிருப்பார்.

1930இல் அதிகாரம் இல்லாத இராஜாஜி ஒவ்வோர் ஊரையும் நம்பி நடந்தார். 1953இல் கையெழுத்திட்டால் நடக்கும் என்ற நிலையில் இருந்தார். மனிதர் ஒருவரே. அறிவும் நேர்மையும் எளிமையும் குறையவில்லை. இடையில் விடுபட்டது, யாருக்காகச் செய்கிறோமோ அவர்களை உடன் வைத்துக்கொண்டு செய்வது ஒன்றுதான்.

எங்கள் அளத்தில் ஒரு முறை உண்டு. உப்புநீரைப் பாத்தி விட்டுப் பாத்தி மாற்றிக் காயவைப்பார்கள். போமே அளவியில் ஏறத்தாழ 25 டிகிரி வந்தால்தான் உப்புப் பூக்கும். அதற்கு முன் வாரப் போனால் பலகையில் ஒன்றும் வராது. மக்கள் மனமும் அப்படித்தான். பக்குவம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இராஜாஜி 1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் மறைந்தார். அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் ஒரு பெரியவரின் வெற்றியைப் போலவே தோல்வியும் நமக்குப் பாடம்தான். நண்பர்களே, நாளை நம்மில் பலர் ஆசிரியராகவும் அலுவலராகவும் பொறுப்பேற்போம். அன்று என் சுவரொட்டியைப் போல நாமும் எட்டு மணி என்று எழுதிவிடக் கூடும்.

இந்த ஆண்டு முகாமுக்கு முன்பே நான் அந்த ஊருக்குச் சென்றேன். அளத்திலிருந்து திரும்பிய பெண்களுடன் மாலையில் அமர்ந்து பேசினேன். கிழக்குக் கரையில் கன்று வைத்தால் உப்புக் காற்றில் கருகிவிடும், மேற்குக் கரையில் வை என்றார்கள். நான்கு மணிக்கு மேல் வருகிறோம் என்றும் சொன்னார்கள். சொன்னபடியே மண்வெட்டியோடு வந்தார்கள். மேற்குக் கரையில் வைத்த பூவரசங்கன்றுகளுக்கு இப்போது அவர்களே தண்ணீர் ஊற்றி வருகிறார்கள்.