வில்லியம் மூர்கிராஃப்ட்

வில்லியம் மூர்கிராஃப்ட் (1767 – ஆகஸ்ட் 27, 1825) ஓர் ஆங்கிலேயக் கால்நடை மருத்துவரும் நாடுகாண் பயணியும் ஆவார். குதிரைக் குளம்பையும் லாடத்தையும் பற்றி ஆராய்ந்து எழுதினார். இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பனியின் குதிரைப் பண்ணையை மேற்பார்வையிட்டார்.

இளமை

இங்கிலாந்தின் லங்காசயர் பகுதியில் உள்ள ஓம்ஸ்கர்க் நகரில் பிறந்தார். லிவர்பூலில் மனித மருத்துவம் பயின்று வந்தவர், கால்நடைகளின்பால் ஆர்வம் திரும்பி, பிரான்சின் லியோன் நகரக் கால்நடை மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் லண்டனில் தொழில் நடத்தினார்.

குளம்பும் லாடமும்

குதிரையின் எடையைப் பெரிதும் தாங்குவது குளம்பின் வெளிச்சுவரே. இது நகத்தைப் போன்ற உணர்ச்சியற்ற பொருளால் ஆனது. மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வளர்கிறது. முன்பகுதி முழுவதும் புதிதாக வளர ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஆகவே சுவரில் வெடிப்பு உண்டாயின் விரைவில் மறைவதில்லை. லாட ஆணி இச்சுவரினுள் மட்டும் செல்ல வேண்டும். சற்று உள்ளே சென்று உணர்ச்சியுள்ள தசையைத் தொட்டால் குதிரை நொண்டும். (வண்டி மாட்டின் குளம்பு பிளவுபட்டது, அதற்கு இரு துண்டு லாடம், குதிரைக்கு வளைந்த ஒற்றை லாடம்.)

லாடம் சுவரில் மட்டும் படிந்து, அடித்தளத்தை அழுத்தாதவாறு அதன் உட்பகுதி சரிவாக இருத்தல் வேண்டும் என்பது மூர்கிராஃப்டின் கருத்து. 1800 இல் வெளியிட்ட நூலில் லாட வகைகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார். லாடங்களை ஒரே சீராக இயந்திரத்தால் செய்ய முயன்று காப்புரிமையும் பெற்றார். ஆனால் இம்முயற்சியில் பெரும் பொருளை இழந்தார்.

தீராத கால்நொண்டலுக்குக் குளம்புக்குச் செல்லும் நரம்பை வெட்டும் அறுவை மருத்துவத்தின் முன்னோடிகளுள் இவரும் ஒருவர். இதனால் வலி நீங்குமேயன்றி நோய் நீங்காது. வலியறியாத குதிரை பழுதான காலை மேலும் பழுதாக்கிக்கொள்ளும் என்பது இதிலுள்ள இடர்.

இந்தியாவில்

1808 இல் இந்தியா வந்து, பீகாரின் பூசாவில் இருந்த பண்ணையின் பொறுப்பை ஏற்றார். (1905 இல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் இதே பூசாவில்தான்.) படைக்கு ஏற்ற குதிரைகள் போதாமையால் நடு ஆசியாவில் நல்லினக் குதிரைகளைத் தேட விரும்பினார். 1812 இல் இந்துத் துறவி வேடத்தில் திபெத்துக்குள் நுழைந்து மானசரோவர் ஏரியை அடைந்தார்.

1819 இல் தொடங்கிய நெடும்பயணத்தில் லடாக், காசுமீர், காபூல் வழியாக 1825 இல் புகாராவை அடைந்தார். ஆறாண்டு அலைந்தும் எதிர்பார்த்த குதிரைகள் அங்குக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில், இன்றைய ஆப்கானித்தானில் உள்ள அந்த்கோய் என்னுமிடத்தில் காய்ச்சலால் இறந்தார். உடன் சென்ற ஜார்ஜ் டிரெபெக்கும் விரைவிலேயே இறந்தார். இவர்களது பயணக் குறிப்புகளை வடமொழி அறிஞர் எச். எச். வில்சன் தொகுத்து 1841 இல் வெளியிட்டார்.