கே.பி.சுந்தராம்பாள்: மேடையிலிருந்து திரைக்கு

சென்ற ஆண்டு எங்கள் பல்கலைக்கழகத்தில் ‘வள்ளி திருமணம்’ இசை நாடகத்தை நாற்பது நிமிடமாகச் சுருக்கி மேடையேற்றினோம். நான் பின்பாட்டுக் குழுவில் இருந்தேன். மண்டபம் நிறைந்திருந்தது. வள்ளியும் வேடனாக வந்த முருகனும் போட்டி போட்டுப் பாடியபோது கைத்தட்டல் அடங்கவே இல்லை.

மறுநாள், பின்வரிசையிலிருந்து ஒரு தோழி கைப்பேசியில் எடுத்த காணொளியைப் பார்த்தோம். முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே சிலர் கொட்டாவி விட்டார்கள். அதே பாட்டு, அதே நடிகர்கள். ஆனால் உயிர் இல்லை. இதை முறையாகப் படமாக்க வேண்டும் என்றார் குழுவை நடத்திய அண்ணன். மேடையில் வென்றதை மேடையோடு விட்டுவிடுவதே மரியாதை என்றாள் வள்ளியாக நடித்த தோழி. குழு இரண்டாகப் பிரிந்தது. எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் வீட்டில் பாட்டி கே.பி.சுந்தராம்பாளின் முருகன் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். பினாங்கில் வளர்ந்த எனக்கு அது பழகிய குரல். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்களில் அந்தக் குரல் ஒலிக்கும். ஆனால் அவர் யார் என்று நான் விசாரித்ததே இல்லை. தேடிப் படித்தபோதுதான், எங்கள் குழு எதைப் பற்றிச் சண்டை போட்டதோ அதுவே அவர் வாழ்க்கையாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது.

சுந்தராம்பாள் 1908ஆம் ஆண்டு, காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். ஊர்ப்பெயரும் தாய் பாலாம்பாளின் பெயரும் சேர்ந்ததே அவருடைய முன்னெழுத்துகள். சிறு வயதிலேயே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து மேடையேறினார். அப்போது மேடையில் ஒலிபெருக்கி கிடையாது. பந்தலின் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்டாக வேண்டும். உச்ச சுருதியில் பிசிறில்லாமல் பாடும் சுந்தராம்பாளின் குரல் அந்தத் தேவைக்கென்றே அமைந்தது போல இருந்தது.

1920களில் நாடகம் நடிக்க இலங்கைக்குச் சென்றபோது, செங்கோட்டையைச் சேர்ந்த எஸ்.ஜி.கிட்டப்பாவோடு சேர்ந்து நடிக்கும் வாய்ப்பு வந்தது. கிட்டப்பா அந்தக் காலத்தின் ஈடு இணையற்ற நாடகப் பாடகர். இருவரும் சேர்ந்து நடித்த ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. மேடையில் இணைந்தவர்கள் வாழ்க்கையிலும் இணைந்தார்கள்.

அந்த நாடகங்கள் எப்படி நடந்தன என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இரவு தொடங்கினால் விடியும்வரை நடக்கும். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வள்ளிக்கும் முருகனுக்கும் நடக்கும் தர்க்கம் ஒவ்வோர் இரவும் வேறு வேறாக இருக்கும். ஒருவர் மடக்கிக் கேட்க, மற்றவர் அந்த நொடியிலேயே பதில் சொல்ல வேண்டும். பாட்டு பிடித்துவிட்டால் கூட்டம் ‘ஒன்ஸ்மோர்’ கேட்கும். நடிகர் கதையை நிறுத்திவிட்டு அதே பாட்டை மறுபடி பாடுவார். அந்த இரவு எப்படிப் போக வேண்டும் என்பதில் ரசிகருக்கும் பங்கு இருந்தது. எங்கள் காணொளியில் காணாமல் போனது இந்தப் பங்குதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

1931இல் முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ வந்தது. அதன் பிறகு வந்த படங்களில் பெரும்பாலானவை மேடையில் வெற்றி பெற்ற இசை நாடகங்களே. ‘வள்ளி திருமணம்’ 1933இல் டி.பி.ராஜலட்சுமி நடிக்கப் படமாக வந்து நன்றாக ஓடியது. 1934இல் ‘பவளக்கொடி’ வந்தது. அதே நாடகத்தை மேடையில் நடித்துவந்த தியாகராஜ பாகவதரும் எஸ்.டி.சுப்புலட்சுமியும் அதில் நடித்தார்கள். இது தமிழில் மட்டும் நடந்ததல்ல. பார்சி நாடகத்தின் தாக்கத்தால் நம் பினாங்கில் பிறந்த மலாய் இசை நாடகமான பங்சாவானும் 1930களில் திரைக்குச் சென்றது. சிங்கப்பூரில் எடுக்கப்பட்ட ‘லைலா மஜ்னுன்’ படத்தில் பங்சாவான் நடிகர்களே நடித்தார்கள். இயக்கியவர் இந்தியாவிலிருந்து வந்த பி.எஸ்.ராஜ்ஹன்ஸ்.

ஆனால் கிட்டப்பா திரைக்கு வரவில்லை. சுந்தராம்பாளோடு அவர் வாழ்ந்த காலத்தில் பிணக்குகளும் பிரிவும் இருந்தன. உடல்நலமும் கெட்டது. 1933 டிசம்பர் 2ஆம் தேதி, 27 வயதில் அவர் மறைந்தார். இன்று நம்மிடம் இருப்பது இசைத்தட்டுகளில் பதிந்த அவர் குரல் மட்டுமே. மேடையில் அவர் எப்படி நடந்தார், எப்படிச் சிரித்தார், தர்க்கத்தில் வள்ளியை எப்படி மடக்கினார் என்று பார்க்க ஒரு படமும் இல்லை. அப்போது தமிழ்ப் படங்கள் பேசத் தொடங்கி இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

சுந்தராம்பாளுக்கு அப்போது வயது 25. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையைச் சாகும்வரை அவர் மாற்றவில்லை. இனி எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்து மேடையை விட்டு ஒதுங்கினார். பிறகு கச்சேரிகளில் பாடத் தொடங்கினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்களின் ஊக்கத்தால் அவர் குரல் விடுதலைப் போராட்ட மேடைகளிலும் ஒலித்தது.

அப்போதுதான் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க அழைப்பு வந்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனைகளால் கதாகாலட்சேபத்திலும் மேடையிலும் பெயர் பெற்ற கதை அது. தயாரிப்பாளரைத் திருப்பி அனுப்புவதற்காகவே சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் கேட்டதாகவும், அவர் அதற்கும் சம்மதித்துவிட்டதாகவும் சொல்வார்கள். ஆண் வேடமான நந்தனாராக சுந்தராம்பாளும், வேதியராகச் சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயரும் நடித்தார்கள். படம் 1935இல் வெளிவந்தது. இரண்டு பெரிய குரல்கள், ஊரறிந்த கதை, பெரிய சம்பளம். ஆனால் எதிர்பார்த்த வெற்றி கிடைக்கவில்லை. விமர்சகர்களும் கடுமையாக எழுதினார்கள்.

அந்தத் தோல்விக்குக் காரணம் கதை என்று சொல்ல முடியாது. ஏனென்றால் அதே நந்தனார் கதையை 1942இல் ஜெமினி நிறுவனம் மறுபடி எடுத்தது. தண்டபாணி தேசிகர் நடித்த அந்தப் படம் வெற்றி பெற்றது. சுந்தராம்பாளின் குரலும் காரணமல்ல. என் எண்ணம் இதுதான்: தொடக்ககாலப் படங்கள் மேடைக்கு முன்னால் கேமராவை நிறுத்திவிட்டால் போதும் என்று நம்பின. பாட்டுக்கு மேல் பாட்டாக அடுக்கின. ஆனால் கேமராவால் ‘ஒன்ஸ்மோர்’ கேட்க முடியாது. மேடையில் கடைசி வரிசைக்காகப் பெரிதாகச் செய்த முகபாவம், அருகிலிருந்து பார்க்கும்போது மிகையாகத் தெரியும். எங்கள் தோழியின் கைப்பேசியும் அதே தவற்றைத்தான் செய்தது.

சுந்தராம்பாள் திரையில் தனக்குரிய இடத்தைக் கண்டது 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படத்தில். ஔவையின் கதை அதற்கு முன்பே மேடையில் புகழ் பெற்றிருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய நாடகத்தில் மூதாட்டியாக நடித்த டி.கே.சண்முகத்துக்கு ‘ஔவை’ என்பது பட்டப் பெயராகவே ஒட்டிக்கொண்டது. எஸ்.எஸ்.வாசன் தயாரித்து, கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய படமோ சினிமாவால் மட்டுமே காட்டக்கூடிய பெரிய கூட்டங்களையும் காட்சிகளையும் கொண்டு அந்தக் கதையைச் சொன்னது. ஜோடி இல்லாத, வெள்ளை உடுத்திய, பாடிக்கொண்டே ஊர் ஊராக நடக்கும் மூதாட்டி. சுந்தராம்பாள் வாழ்க்கையில் எடுத்த முடிவுக்கும் அந்தப் பாத்திரத்துக்கும் இடையே இடைவெளியே இல்லை. மேடையிலிருந்து அவர் கொண்டுவந்தது குரலை மட்டுமே. மற்றவை திரைக்காகப் புதிதாகச் செய்யப்பட்டவை.

அதன் பிறகு ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகளாகவும், ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடி ஔவையாகவும் வந்தார். சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 1980இல் மறைந்தார். அவரைப் பார்த்தேயிராத பினாங்குப் பிள்ளைகள் இன்றும் அவர் குரலை அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்றால், அதில் பெரும்பங்கு திரைப்படத்துக்கு உண்டு.

அண்மையில் ‘விக்கெட்’ ஆங்கிலப் படத்தைப் பார்க்க வரிசையில் நின்ற மாணவர்களில் நானும் ஒருத்தி. மேடையில் 2003 முதல் ஓடிவரும் இசை நாடகம் அது. அதைப் பலர் ரசித்தார்கள். 2019இல் வந்த ‘கேட்ஸ்’ படமோ, மேடையில் பல்லாண்டு ஓடிய நாடகமாக இருந்தும் தோற்றது. ஆக, மேடையில் வென்றது என்பதற்காகவே திரையில் வெல்லாது. திரைக்குப் போனால் கெட்டுவிடும் என்பதும் இல்லை.

எங்கள் குழுவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. படமாக்கத்தான் வேண்டும். இல்லாவிட்டால் கிட்டப்பாவை நாம் இழந்ததுபோல, நம் ஊர்க் கலைஞர்களையும் அடுத்த தலைமுறை இழக்கும். ஆனால் மேடையை அப்படியே பதிவு செய்வதைப் படமாக்குவது என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எதை மேடையிலேயே விட்டுவிடுவது, எதைப் புதிதாகச் செய்வது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். படம் வந்துவிட்டது என்பதற்காக மேடையைப் பூட்டிவிடவும் கூடாது. தர்க்கம் அங்கேதான் உயிரோடு இருக்கும்.

அண்ணனிடமும் வள்ளியாக நடித்த தோழியிடமும் இதைச் சொன்னேன். தர்க்கக் காட்சியைப் படத்தில் சேர்ப்பதில்லை, அது மேடைக்கு மட்டுமே உரியது என்பதற்கு இருவரும் உடன்பட்டார்கள். மற்றதை எங்கே எடுப்பது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தண்ணீர்மலைப் படிக்கட்டில் எடுக்கலாம் என்பது என் யோசனை. உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு நாடகம் நன்றாக அமைந்தால், நீங்களும் உங்கள் குழுவில் இதைப் பேசிப் பாருங்கள்.