பக்கத்தைப் பூட்டியவர்

கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்தில், பாட்டியின் கொழுந்து மூட்டை தராசில் தொங்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது. கிராணி எடையை எழுதி முடித்த பிறகே மூட்டை இறங்கும். இடையில் மூட்டை மாறினால் ஒருவர் உழைப்பு இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும். தமிழ்ப்பள்ளி நாளில் கண்ட இக்காட்சி, இறுதியாண்டுத் திட்டப்பணியில் மீண்டும் நினைவுக்கு வந்தது.

கருவியொன்று நேரடியாக எழுத வேண்டிய நினைவகப் பக்கத்தைப் பூட்டாமல் நிரல் எழுதிவிட்டேன். கெர்னல் அப்பக்கத்தை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டது. கருவியோ பழைய இடத்திலேயே எழுதியது. கணினி நின்றது, ஒரு வார உழைப்பும் போயிற்று. காரணம் தேடியபோது அறிமுகமானவர்தான் டாம் கில்பர்ன்.

அவர் 1921 ஆகஸ்டு 11 அன்று இங்கிலாந்தின் டியூஸ்பரியில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, 1942இல் மால்வர்ன் ராடார் ஆய்வுக்கூடத்தில் பிரெடி வில்லியம்ஸின் குழுவில் சேர்ந்தார். போருக்குப்பின் இருவரும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 'பேபி' கணினியை உருவாக்கினர். தன் நினைவகத்திலேயே சேமித்த நிரலை 1948 ஜூன் 21 அன்று இயக்கிய முதல் மின்னணுக் கணினி அது. நினைவகம் வெறும் 32 சொற்கள். அந்த முதல் நிரலை எழுதியவர் கில்பர்ன்.

சிறிய நினைவகத்தைப் பெரியதாகக் காட்டுவது எப்படி? 1962 டிசம்பர் 7 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 'அட்லஸ்' கணினியில் அவர் குழு விடை தந்தது. நினைவகத்தை 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தனர். தேவையான பக்கம் காந்த உருளையிலிருந்து தானே வந்து சேரும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு பூட்டு இலக்கம் உண்டு. பக்கம் இடம் மாறிக்கொண்டிருக்கும்போது அவ்விலக்கம் இடப்படும். வேலை முடியும்வரை எந்த நிரலும் அதைத் தொட முடியாது. எங்கள் தராசின் விதியேதான்!

இன்றைய கெர்னல்களிலும் இக்கருத்து வாழ்கிறது. கருவி எழுதுமுன் பக்கத்தைப் பிடித்துவைக்க வேண்டும். முடிந்ததும் மறவாமல் விடுவிக்க வேண்டும். மூட்டை இறங்காவிட்டால் வரிசை நகராது. பக்கங்களை விடுவிக்காவிட்டால் மற்றவர்க்கு நினைவகம் இருக்காது. பிழை நேரும் வழியிலும் விடுவிக்கும் வரி இருக்க வேண்டும் என்பதை நான் இரண்டாம் முறை தவறிய பிறகே கற்றேன்.

1964இல் மான்செஸ்டரில் கணினி அறிவியல் துறையைத் தொடங்கிய கில்பர்ன், 1981இல் ஓய்வு பெற்று, 2001 ஜனவரி 17 அன்று மறைந்தார். திட்டப்பணி இப்போது ஓடுகிறது. தோட்டத்துத் தம்பி தங்கைகளே, கணினி நமக்குத் தூரமானதன்று. அதன் முதல் பாடத்தை நிறுவைக் கொட்டகையிலேயே பார்த்துவிட்டோம்.