மண்ணின் காயத்துக்கு மருந்திட்ட மனிதர்



கோவில் பெருநாட்களில் கச்சான் வாங்கிக் கொறிக்காதவர் நம்மில் எவருமிலர். அந்தக் கச்சானோடு சேர்த்து உலகம் நினைவுகூரும் பெயர் ஒன்று உண்டு. ஜோர்ஜ் வாஷிங்டன் கார்வர் என்பது அப்பெயர். கச்சானிலிருந்து முந்நூறு விதமான பொருட்களைச் செய்து காட்டியவர் என்றே பலரும் அவரை அறிவர். கச்சான் வெண்ணெயைக் கண்டுபிடித்தவரும் அவரே என்று கூறுவாருமுளர். பின்னது உண்மையன்று, முன்னதும் அவருடைய பெருமையின் ஒரு சிறு பகுதியே. செத்துக்கொண்டிருந்த நிலத்துக்கு உயிர் கொடுக்க ஏழைகளுக்கு வழி காட்டியதே அவர் செய்த பெரும் பணி. அதைப் பற்றியே இவ்வாரம் சிந்திப்போம்.

ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், டயமண்ட் என்னும் ஊருக்கு அருகில், ஏறக்குறைய 1864ஆம் ஆண்டில் கறுப்பின அடிமைத் தாய் ஒருத்தியின் மகனாக அவர் பிறந்தார். பிறந்த நாளைக் குறித்து வைப்பார் எவருமில்லை. கைக்குழந்தையாக இருந்தபோது கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். சேய் மீண்டது, தாய் மீளவேயில்லை. அடிமை முறை ஒழிந்த பின்னர், முன்னாள் எசமானர்களான மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனுமே அந்த அநாதைச் சிறுவனை வளர்த்தனர். நோஞ்சான் பிள்ளையாதலால் அவனை வயல் வேலைக்கு விடவில்லை. வீட்டு வேலையும் தோட்ட வேலையும் பழகினான். காட்டுச் செடிகளைக் கொண்டுவந்து நட்டு வளர்த்தான். அயலவர்கள் தங்கள் வாடிய செடிகளுக்கு அவனிடமே வைத்தியம் கேட்டனர்.

படிக்க வேண்டும் என்ற தாகம் அவரை ஊர் ஊராக அலைய வைத்தது. துணி வெளுத்தும் சமைத்தும் பள்ளிப் படிப்பை முடித்தார். கன்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி கடிதமூலம் அவருக்கு இடமளித்தது. நேரில் சென்றபோது அவருடைய நிறத்தைக் கண்டு கதவை அடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1890இல் அயோவா மாநிலத்தின் சிம்சன் கல்லூரியில் ஓவியம் பயின்றார். அங்கிருந்த ஆசிரியை ஒருவரின் தூண்டுதலால், மறு ஆண்டு அயோவா விவசாயக் கல்லூரியில் முதற் கறுப்பின மாணவராகச் சேர்ந்தார். 1894இல் இளமாணிப் பட்டமும் 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார்.

அவ்வாண்டே புக்கர் வாஷிங்டன் அவரை அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி கல்லூரிக்கு அழைத்தார். அங்கு அவர் கண்ட காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள். பல தலைமுறையாகப் பருத்தி, பருத்தி, பருத்தி என்று ஒன்றையே விதைத்ததனால் நிலம் சாரமற்றுப் போயிருந்தது. மேல்மண்ணை மழை அரித்துச் சென்றிருந்தது. அந்த நிலத்தில் உழைத்தவர்களோ, விடுதலை பெற்றும் விடிவு பெறாத கறுப்பின மக்கள். பிறர் காணியை வாரத்துக்குச் செய்து, விதைக்கும் உணவுக்கும் கடன்பட்டு, அறுவடை முடிந்ததும் கடன்காரனிடம் வெறுங்கையோடு நின்றார்கள். மண்ணும் மெலிந்தது, மனிதனும் மெலிந்தான். இரண்டும் ஒரே நோய் என்பதைக் கார்வர் கண்டுகொண்டார்.

நோய்க்கு மருந்து என்ன? பருத்தி மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் பயிர். அவரையினப் பயிர்களோ மண்ணுக்குக் கொடுப்பவை. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துப் பயிருக்கு ஏற்ற உணவாக மாற்றுகின்றன. ஆகவே பருத்தியை ஓராண்டு நிறுத்தி, கௌபியையும் கச்சானையும் மாற்றிப் பயிரிடுங்கள். வற்றாளைக் கிழங்கும் நடுங்கள் என்றார். கடையில் பசளை வாங்க ஏழைக்குப் பணம் ஏது? ஆதலால் காட்டில் உதிர்ந்த இலைகளையும் சதுப்பு நிலத்துச் சேற்றையும் குவித்து உக்க வைத்துக் கூட்டெரு செய்யக் கற்பித்தார். 1897இல் அரசு ஆண்டுக்கு 1,500 டொலர் உதவியுடன் அங்கு அமைத்த பரிசோதனைப் பண்ணையில், இவை அனைத்தையும் தாமே செய்து பார்த்த பின்னரே பிறருக்குச் சொன்னார்.

சொன்ன முறையும் சிறப்பானது. பாமரருக்கும் விளங்கும் நடையில் நாற்பதுக்கு மேற்பட்ட சிறு நூல்களை வெளியிட்டார். கல்லூரிக்கு வர இயலாத விவசாயியிடம் கல்லூரியே செல்லட்டும் என்று, 1906இல் கருவிகளும் விதைகளும் ஏற்றிய வண்டியொன்று கிராமங்களுக்குப் புறப்பட்டது.

பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு 1910 அளவில் அலபாமாவை அடைந்தபோது, பருத்தியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் கலங்கினர். மாற்றுப் பயிரின் அருமை அப்போது பலருக்குப் புரிந்தது. விளைந்த கச்சானை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாக, 1916இல் அதைச் சமைக்கும் 105 வழிகளை எழுதி வெளியிட்டார். 1921இல் அமெரிக்கப் பாராளுமன்றக் குழுவொன்று கச்சானைப் பற்றிப் பேச அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தது. கேட்டவர்கள் மேலும் மேலும் நேரம் கொடுத்தனர்.

ஆயினும், அவர் சொன்னதை எல்லாரும் செய்ய முடிந்தது என எண்ணிவிடாதீர்கள். காணிக்காரன் பருத்தியே வேண்டும் என்றால் வாரக்குடியானவன் என் செய்வான்? நிலத்துக்கு நீதி கிடைக்க, நிலத்தில் உழைப்பவனுக்கும் நீதி கிடைக்க வேண்டும். கார்வரின் அறிவினாலும் தாண்ட முடியாத சுவர் அதுவே.

அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆனால் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. பல ஆண்டுகள் மாணவருக்கு ஞாயிறுதோறும் திருவிவிலிய வகுப்பு நடத்தினார். படைப்பினூடாகப் படைத்தவர் பேசுகிறார் என்பது அவரது நம்பிக்கை. திருமணம் செய்யாது எளிமையாக வாழ்ந்து, சேமித்ததை ஆராய்ச்சிக்கென அளித்துவிட்டு, 1943ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். பெற்ற காப்புரிமைகள் மூன்றே மூன்று.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய ‘லவுதாத்தோ சீ’ சுற்றுமடல், பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்க நம்மை அழைக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அவ்விரண்டையும் சேர்த்துக் கேட்டவர் இந்த அடிமைத் தாயின் மகன்.

வாசகரே, நிலத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவுமே கடவுள் மனிதனை அதில் வைத்தார் என்று தொடக்கநூல் கூறுகிறது. பண்படுத்துகிறோம், பாதுகாக்கிறோமா? நாளை காலை உங்கள் வளவைக் கூட்டி, இலைகுழைகளைக் குவித்து நெருப்பு வைக்கப் போகும்போது, ஒரு கணம் கார்வரை நினைத்துக்கொள்ளுங்கள். அது குப்பையன்று, உங்கள் மண்ணுக்கு இறைவன் அனுப்பிய உணவு. அதை மண்ணுக்கே கொடுத்துவிடுங்கள்.