விழித்திரையில் ஒளிந்த பகை

குழந்தையின் கருமணி, பூனைக்கண்போல் வெள்ளையாய் மின்னுவதுண்டு. அது விழித்திரைப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம். 15,000 முதல் 20,000 குழந்தைகளுள் ஒருவருக்கே வரும் அரிய நோய் இது. இது விழித்திரையில் பிறக்கிறது என்று முதன்முதலில் தெளிவாக எழுதியவர் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர் ஜேம்ஸ் வார்டிராப். 1809-இல் அந்நூல் வெளிவந்தபோது அவர் வயது 27-ஐத் தாண்டவில்லை.

அவர் 1782-இல் பிறந்தார். எடின்பரோவில் பெயர்பெற்ற அறுவை மருத்துவராய் விளங்கிய உறவினர் ஒருவரிடம் தொழில் பயின்றார். 19 வயதிலேயே அந்நகரின் ராயல் மருத்துவமனையில் உறைவிட மருத்துவரானார். மேற்கொண்டு கற்க 1803-இல் பாரிஸ் சென்றார். அவ்வாண்டிலேயே இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் போர் மூண்டது. ஆங்கிலேயர் சிறைப்பட்டனர். வார்டிராப்போ தப்பி வியன்னாவை அடைந்தார். அங்கே கண் மருத்துவ மேதை பேர் என்பாரின் சிகிச்சைக்கூடத்தைக் கண்டதும் கண் நோய்கள்பால் அவர் உள்ளம் சென்றது. போர் துரத்தியிராவிட்டால் இது நேர்ந்திருக்குமோ என்று நாம் வியக்கிறோம்.

அக்காலத்தில் உயிருள்ள கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவி இல்லை. அது 1851-இல்தான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்பாரால் வந்தது. ஆகவே வார்டிராப், நோயுற்ற கண்களை அறுத்து ஆராய்ந்தார். பிற மருத்துவர் அனுப்பிய விவரங்களையும் சேர்த்தார். பல வகைக் கட்டிகளுக்கும் ஒரே பெயர் சூட்டப்பட்டிருந்த குழப்பத்தினின்று சிறுவரின் இந்நோயைப் பிரித்துக் காட்டினார். கட்டி பார்வை நரம்பின் வழியே மூளைக்குப் பரவுவதையும் கண்டார். பரவுமுன் கண்ணையே எடுத்துவிட்டால் உயிர் பிழைக்கலாம் என்று துணிந்து கூறினார். மயக்க மருந்து இல்லாத நாளில், எந்தத் தாய் அதற்கு இசைவாள்? அவர் சொன்னது மெய்யென ஏற்கப்பட நெடுநாள் ஆயிற்று.

லண்டனில் குடியேறிப் பெரும் பெயர் பெற்றார். நான்காம் ஜார்ஜ் மன்னரின் அறுவை மருத்துவருமானார். அளிக்க முன்வந்த பட்டத்தை வேண்டாமென மறுத்தார். அதைவிட அவர் 1826-இல் செய்த செயலே நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எட்ஜ்வேர் சாலையருகே ஏழைகளுக்கான அறுவை மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். எந்த மருத்துவரும் கட்டணமின்றி வந்து சிகிச்சைகளைக் கண்டு கற்கலாம். செலவில் பெரும்பகுதி அவர் கைப்பணமே. அச்சுமை தாங்கமாட்டாமல் சில ஆண்டுகளில் அதை மூட நேர்ந்தது. கற்பவர்க்குப் பணம் கொடுப்பார் இல்லையேல் நல்ல முயற்சியும் நிலைப்பதரிது.

1869-இல் அவர் லண்டனில் காலமானார். நோய்க்கு ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் பெயர் 1926-இல்தான் நிலைத்தது. சில குடும்பங்களில் மட்டும் அது வழிவழியாக வருவதேன் என்பதற்கு, அமெரிக்க மருத்துவர் நட்சன் 1971-இல் விளக்கம் தந்தார். ஒரே மரபணுவின் இரு படிகளும் கெட்டால் கட்டி எழும். ஒன்று பிறப்பிலேயே கெட்டிருப்பின் மற்றது கெடுவதே போதும் என்றார். 1986-இல் அம்மரபணுவே அகப்பட்டது. அதைப் பிரித்தெடுத்தோருள் ஸ்டீபன் பிரெண்டும் தாடியஸ் டிரைஜாவும் அப்போது இளம் ஆய்வாளர்களே. இவ்வளவு அரிய நோய்க்கு மருந்து விற்று ஆதாயம் காண்பது கடினம். ஆகவே இத்தகைய இளைஞரை ஆய்வுக்கூடத்தில் இருத்துவது உதவித்தொகையே. இன்று அந்நோயுள்ள குடும்பத்தில் குழந்தை பிறந்தவுடன் இரத்தத்தைச் சோதித்து, வெள்ளொளி தோன்றுமுன்பே கண்ணைக் காக்க முயல்கின்றனர்.