வானத்து ஒளிகளை ஆராய்ந்த ஹைனெக்

வானத்தை நோக்கி வியவாத மக்கள் எந்நாட்டிலும் இலர். எரிமீன் வீழ்ந்தால் நாட்டிற்குத் தீங்கு என்றும், வால்வெள்ளி தோன்றினால் வேந்தர்க்குக் கேடு என்றும் பண்டையோர் அஞ்சினர். இருபதாம் நூற்றாண்டிலோ, இன்னதென்று தெரியாத ஒளியை வானிற் கண்ட பலர், அது வேற்றுலகத்தார் ஏறிவந்த ஊர்தி என்று நம்பத் தலைப்பட்டனர். அந்நம்பிக்கைக்குச் சான்று உண்டா என்பதை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஆலன் ஹைனெக் என்னும் அமெரிக்க வானநூல் அறிஞர்.

ஹைனெக் 1910-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் சிக்காகோ நகரில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் செக் மரபினர். இளமையில் அவர் செங்காய்ச்சலால் படுக்கையிற் கிடந்தபொழுது, அன்னையார் அருகிருந்து நூல்களைப் படித்துக் காட்டினார். கதை நூல்கள் தீர்ந்தபின் வானநூல் ஒன்றை எடுத்துப் படித்தார். அன்று விழுந்த வித்தே பின்னர் மரமாயிற்று. 1935-இல் ஹைனெக் சிக்காகோ பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியப் பணி ஏற்றார்.

1947-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள் கென்னத் அர்னால்டு என்பவர் வாஷிங்டன் மாநிலத்து ரெய்னியர் மலையருகே தம் சிறு விமானத்திற் சென்றார். ஒளிரும் பொருள்கள் ஒன்பது மிகு விரைவுடன் பறக்கக் கண்டதாக அவர் கூறினார். நீரின்மேல் வீசிய தட்டுப்போல அவை தாவிச் சென்றன என்று அவர் உவமை கூற, செய்தித்தாள்கள் பறக்கும் தட்டு என்றே பெயரிட்டுவிட்டன. அதன்பின் நாடெங்கும் அத்தகைய காட்சிகளைக் கண்டதாகப் பலர் கூறினர். அவை பகைநாட்டாரின் புதுப் படைக்கலங்களோ என அமெரிக்க விமானப் படையினர் கவலை கொண்டனர். ஆகவே, அச்செய்திகளில் வான்பொருள்களைக் கண்டு மயங்கியவை எவை எனப் பிரித்தறிய 1948-இல் ஹைனெக்கின் துணையை நாடினர்.

ஹைனெக் இப்பணியை ஏற்றபொழுது, இவையெல்லாம் வெறும் மயக்கமே என்ற எண்ணமுடையவராய் இருந்தார். ஆராய்ச்சியும் பெரும்பாலும் அவ்வாறே முடிந்தது. அடிவானில் சுடர்விட்ட வெள்ளிக் கோளைச் சிலர் தட்டு என்றனர். நாம் விரைந்து செல்லுங்கால் நெடுந்தொலைவிலுள்ள பொருள் நம்முடன் வருவதுபோலத் தோன்றும். ஆதலின், அக்கோள் தம்மைத் துரத்தியது என்றும் கூறினர். வேறு சிலர் எரிமீனையும், வானிலை அறியப் பறக்கவிட்ட பலூனையும், விமான விளக்கையும் கண்டு மயங்கினர். ஓர் ஒளியின் தொலைவு தெரியாவிடில் அதன் பருமையும் தெரியாது, விரைவும் தெரியாது. அருகிற் பறக்கும் மின்மினியும் சேய்மையிற் செல்லும் விமானமும் இருளில் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். கண்டவர் பொய்யர் அல்லர்; ஆயினும், கண்டதற்கு அவர் கூறிய பொருள் பிழையாகலாம்.

1966-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மிச்சிகன் மாநிலத்தில் விந்தை ஒளிகள் தோன்றின. உழவர், காவலர், கல்லூரி மாணவியர் எனப் பலரும் அவற்றைக் கண்டதாகக் கூறினர். சதுப்பு நிலத்தில் மட்கிய தழைகளினின்று எழும் வாயு எரிந்து ஒளிவிட்டிருக்கலாம் என்று, அவற்றுள் இரண்டிடத்துக் காட்சிகளுக்கு ஹைனெக் காரணம் கூறினார். நம் நாட்டுச் சிற்றூர்களில் கொள்ளிவாய்ப் பேய் என்று மக்கள் அஞ்சுவதும் அத்தகைய ஒளியே என்பர். ஆனால், எல்லாக் காட்சிகளுக்கும் அவர் அதனையே காரணம் காட்டியதாகச் செய்தி பரவிற்று. நாடு நகைத்தது. கண்டவர் தாம் இகழப்பட்டதாக வருந்தினர். அமெரிக்கப் பேரவையிலும் இதுபற்றி விசாரணை நடைபெற்றது.

இந்நிகழ்ச்சி ஹைனெக்கின் உள்ளத்தைத் தைத்தது. ஆராயாது நம்புதல் குற்றமாவது போலவே, ஆராயாது மறுத்தலும் குற்றமே என அவர் தெளிந்தார். விமானப் படையினர் தம் ஆராய்ச்சியை 1969-இல் முடித்தனர். அவர்கள் தொகுத்த 12,618 செய்திகளுள் 701 மட்டும் காரணம் அறியப்படாமல் எஞ்சின. அஃதாவது, நூற்றுக்கு ஆறினும் குறைவு. வேற்றுலகத்தார் வந்தமைக்கு அவையே சான்று என்றனர் ஒரு சாரார். அவற்றையும் குப்பையில் இடுக என்றனர் மற்றொரு சாரார். ஹைனெக் இருவர் வழியிலும் செல்லவில்லை. அறியப்படாதது என்பதற்கு இன்னும் அறியப்படவில்லை என்பதே பொருள். வேற்றுலகத்தது என்பது பொருளன்று. எனினும், அறியப்படாதது ஒன்று எஞ்சி நிற்குமாயின், அதனை ஆராய்வதே அறிவுடையோர் கடன்.

அக்கடனை ஆற்ற, 1972-இல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். தொலைவிற் கண்டவை, அண்மையிற் கண்டவை எனக் காட்சிகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் மும்மூன்றாக அதில் வகைப்படுத்தினார். அடுத்த ஆண்டு, இத்துறை ஆராய்ச்சிக்கென ஒரு நிலையத்தையும் நிறுவினார். அவர் வகுத்த பெயரொன்றையே தலைப்பாகக் கொண்டு 1977-இல் திரைப்படம் ஒன்று வெளிவந்தது. இதனால் அவர் புகழ் உலகெங்கும் பரவிற்று. ஆயினும், அவர் ஆரவாரத்திற்கு மயங்கி முடிவு கூறவில்லை. ஞாயிற்றை அடுத்துள்ள விண்மீனின் ஒளிகூட நம்மை அடைய நான்கு ஆண்டுக்கு மேலாகும். அத்துணைத் தொலைவினின்று அடிக்கடி ஊர்திகள் வருகின்றன என்னும் கருத்தை அவர் பிற்காலத்திலும் ஐயுற்றார்.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் ஹைனெக் இயற்கை எய்தினார். அவருக்குப் பின்னும் ஆராய்ச்சி ஓயவில்லை. அமெரிக்க விண்வெளி நிறுவனமாகிய நாசா அமைத்த அறிஞர் குழு 2023-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. வேற்றுலகத்தார் வந்தமைக்குச் சான்று காணப்படவில்லை என்றும், நல்ல கருவிகளால் தெளிவான குறிப்புகளைத் திரட்டுதல் வேண்டும் என்றும் அது கூறிற்று. ஹைனெக் வேண்டியதும் அத்தகைய முறையான ஆராய்ச்சியையே.

ஹைனெக் பிறந்த ஆண்டில் வானில் ஹாலி வால்வெள்ளி தோன்றிற்று. அதன் வாலிலுள்ள நச்சு வாயு உலகை அழித்துவிடும் எனப் பலர் நடுங்கினர். அவர் மறைந்த ஆண்டில் அது மீண்டும் வந்தது. அப்பொழுது, மனிதர் விடுத்த ஜியோட்டோ என்னும் விண்கலம் அதன் நடுக்கருவை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அளவு நெருங்கிப் படம் எடுத்தது. ஒரு வாழ்நாளுக்குள் அச்சம் அறிவாக மாறிற்று. எஞ்சிய ஒளிகளின் உண்மையும் ஒருநாள் வெளிப்படலாம். அதுகாறும், தெரிந்ததைத் தெரிந்ததென்றும் தெரியாததைத் தெரியாததென்றும் கூறும் நேர்மையே அறிஞர்க்கு அணியாகும்.